அரக்கு அரக்காகவே விழ: கேமராவுக்கு லைட் தேர்ந்தெடுக்கும் முறை

தி.நகரில் பட்டு எடுக்கப் போகிறவர்கள், கவுன்ட்டரில் விரித்த புடவையை அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய் ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் பில் போடச் சொல்வார்கள். உள்ளே காப்பிப்பொடி நிறமாகத் தெரிந்தது வெளியே நல்ல அரக்காக இருக்கும். உள்ளே வெறும் நீலம் என்று ஒதுக்கியது வெளியே மயில் கழுத்தாக மின்னும். சாயம் அதேதான், வெளிச்சம்தான் வேறு. படம் எடுக்கிறவருக்கு அந்த வாசல் கிடையாது. லைட்டுக்குக் கீழே கேமரா என்ன பார்த்ததோ அதைத்தான் வாங்குபவர் போனில் பார்ப்பார். "படத்துல ஒரு கலர், வந்தது ஒரு கலர்" என்று பார்சல் திரும்பி வரும். அதனால் வாசலில் செய்கிற சோதனையை லைட் வாங்கும்போதே, வாடகைக்கு எடுக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

கெல்வின் சொல்லாமல் விடுவது

டப்பாவில் பெரிதாக அச்சடித்திருக்கும் 5600 கெல்வின், 3200 கெல்வின் எல்லாம் வெளிச்சம் மஞ்சள் பக்கம் சாய்கிறதா நீலப் பக்கம் சாய்கிறதா என்பதை மட்டும்தான் சொல்லும். அந்த வெளிச்சத்துக்குள் எந்த நிறம் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு கணக்கு. ஒரே 5600 போட்ட இரண்டு லைட்டில் ஒன்று முகத்தை உயிரோடு காட்டும், இன்னொன்று காய்ச்சல்காரர் மாதிரி காட்டும்.

சாதாரண வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல எல்இடி. ஏறத்தாழ 450 நானோமீட்டர் அலைநீளத்தில் நீலம் உமிழும் சிப்பின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியிருப்பார்கள். நீலத்தில் ஒரு கூர்மையான மேடு, 480 நானோமீட்டர் பக்கம் ஒரு பள்ளம், பிறகு பச்சையும் மஞ்சளும் அகலமாக ஏறி, சிவப்புக்கு வரும்போது சரிந்து, 650-ஐத் தாண்டினால் மிகக் குறைந்துவிடும். கண் இந்தக் கலவையை வெள்ளை என்று ஒப்புக்கொண்டுவிடும். மயில் கழுத்து, கடல் பச்சை எல்லாம் அந்தப் பள்ளத்தில் விழுகிற நிறங்கள். அரக்கு, குங்குமம், மருதாணி, தக்காளி எல்லாம் சரிவில் அடிபடும். மாநிறத் தோலும் அப்படித்தான்: அதன் சூடு முழுக்க நீண்ட அலைச் சிவப்பில் இருக்கிறது. அது குறைந்தால் முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும்.

"ஒயிட் பேலன்ஸ் போட்டால் சரியாகிவிடும்" என்பது பாதி உண்மை. ஒயிட் பேலன்ஸ் செய்வது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று குழாய்களைக் கூட்டிக் குறைப்பது மட்டும்தான். லைட்டில் இல்லாத அலைநீளம் புடவையில் பட்டுத் திரும்பவே இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? பேலன்ஸுக்குப் பிடிக்கும் சாம்பல் அட்டை சாம்பலாகவே தெரியும், குங்குமம் மட்டும் செங்கல் நிறத்தில் நிற்கும். கிரேடிங்கில், அதாவது படம் எடுத்த பிறகு நிறம் திருத்தும்போது, அந்தச் சிவப்பை மட்டும் பிடித்து இழுக்கலாம். இழுத்தால் உதடும் காதோரமும் சேர்ந்தே வரும்.

எண்களில் எதைக் கேட்பது

கடைக்காரர் சொல்வது சிஆர்ஐ. எட்டு வெளிறிய நிறங்களை அந்த லைட்டில் காட்டி, கிடைத்த மதிப்பெண்களின் சராசரி அது. அழுத்தமான சிவப்பான ஆர்9 அந்த எட்டில் சேராது. அதனால் சிஆர்ஐ 80 என்று நேர்மையாகவே போட்ட வீட்டு பல்பின் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டி இருக்கலாம், அதற்குக் கீழேகூடப் போகலாம். கேட்க வேண்டிய முதல் கேள்வி "ஆர்9 எவ்வளவு?" என்பது. பதில் தெரியாத லைட்டைப் புடவைக்கும் முகத்துக்கும் எடுக்க வேண்டாம். ஆர்13 ஐரோப்பியத் தோலுக்கான மாதிரி, ஆர்15 ஆசியத் தோலுக்கு என்று ஜப்பானில் சேர்த்தது. நம் ஊர் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அந்தப் பட்டியலில் தனி மாதிரி இல்லை. அதனாலும் ஆர்9-தான் நமக்குத் துணை.

சிஆர்ஐ மனிதக் கண்ணுக்காக வந்த கணக்கு. கேமரா சென்சார் பார்ப்பது வேறு மாதிரி. அதற்காக ஐரோப்பிய ஒளிபரப்பாளர் கூட்டமைப்பு 2012-இல் டிஎல்சிஐ என்ற அளவைக் கொண்டுவந்தது. அதில் 85-க்கு மேல் வாங்கிய லைட்டில் எடுத்த படத்தை, நிறம் திருத்தும் கலரிஸ்ட் தொடவே மாட்டார். 75 முதல் 85 வரை லேசாகத் திருத்துவார். 50 முதல் 75 வரை திருத்தலாம், ஆனால் நேரம் பிடிக்கும். அதற்குக் கீழே போனதை வாடகை மிச்சம் என்று எடுத்தால் அந்த மிச்சம் நிறம் திருத்தும் டிஐ ரூமில் கரைந்துவிடும்.

2015-இல் வந்த டிஎம்-30, 99 நிறங்களை வைத்துச் சோதிப்பது. அதில் ஆர்எஃப் என்பது நிறம் எவ்வளவு உண்மையாக விழுகிறது என்பது. ஆர்ஜி என்பது நிறம் பொங்குகிறதா வாடுகிறதா என்பது, 100-க்கு மேல் போனால் பொங்கல். காய்கறிக் கடைக்கு அது நல்லது, புடவை கேட்லாக்குக்கு நல்லதில்லை. ஆஸ்கர் அகாடமி உருவாக்கிய எஸ்எஸ்ஐ, கண்ணையும் கேமராவையும் ஒதுக்கிவைத்துவிட்டு ஸ்பெக்ட்ரத்தை (எந்த அலைநீளம் எவ்வளவு இருக்கிறது என்பதை) மட்டும் ஒப்பிடும். வெவ்வேறு கம்பெனி லைட்டுகளை ஒரே ஃபிரேமில் கலக்கும்போது கைகொடுப்பது இதுதான். இரண்டுமே சிஆர்ஐ 96 என்றாலும், பள்ளமும் மேடும் வேறு வேறு இடத்தில் இருந்தால் கேமராவில் ஒன்று பச்சையாகவும் ஒன்று ரோஸாகவும் நிற்கும்.

எங்கள் கணக்கு இது: புடவை, நகை, ஓவியம் போன்ற, நிறத்துக்குக் காசு வாங்கும் வேலைகளுக்குக் குறைந்தது சிஆர்ஐ 95, ஆர்9 90, டிஎல்சிஐ 95. பேட்டி, குறும்படம் என்றால் ஆர்9 80 வரை இறங்கலாம். சமையல் வீடியோவுக்கு இறங்கவே வேண்டாம். சாம்பார் பழுப்பாகிவிட்டால் யார் சாப்பிடுவார்கள்?

டியூப் லைட், வீட்டு பல்புகளில் பல சமயம் மூன்று இலக்கக் குறி இருக்கும். 865 என்றால் முதல் எண் சிஆர்ஐ எண்பதுகளில், அடுத்த இரண்டு எண்கள் 6500 கெல்வின். 930 என்றால் தொண்ணூறுகளில் சிஆர்ஐ, 3000 கெல்வின். 8-இல் ஆரம்பிப்பதை ஷெல்ஃபிலேயே விட்டுவிடலாம்.

பை-கலர் லைட்டுக்கு மட்டும் தனியாக ஒரு கேள்வி உண்டு. 3200 எல்இடியும் 5600 எல்இடியும் கலந்துதான் நடுவில் உள்ள கெல்வின் கிடைக்கிறது. நிற வரைபடத்தில், சூடான பொருளின் ஒளி இந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வளைவாகப் போகும், கலவையோ நேர்கோட்டில் போகும். அதனால் 4300 பக்கம் வரும்போது படம் லேசாக ரோஸ் பக்கம் சாயும். ஸ்பெக் தாளில் கொடுத்த எண் இரண்டு முனைக்கும் மட்டும்தானா, நடுவுக்கும் உண்டா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் முனைகளில் மட்டும் ஓட்டுங்கள்.

எந்த விளக்கு எதற்கு

நிறத்துக்கு இன்றும் ராஜா ஹாலஜன்தான். இழை சூடாகி எரிவதால் ஸ்பெக்ட்ரம் பள்ளமே இல்லாமல் ஓடும், சிஆர்ஐ கிட்டத்தட்ட 100. விலையும் குறைவு. ஆனால் மே மாதம் சென்னையில், ஏசி இல்லாத அறையில் ஆயிரம் வாட் லைட் இரண்டுக்கு முன்னால் யாரையும் பத்து நிமிடம் உட்காரவைக்க முடியாது, மேக்கப் வழியும். ஆயிரம் வாட் என்பது 4.3 ஆம்பியர். ஆறு ஆம்பியர் பிளக்கில் ஒன்றுக்கு மேல் மாட்டக் கூடாது. இரண்டு கிலோவாட் என்றால் ஏசிக்குப் போட்டிருக்கும் 16 ஆம்பியர் பாயின்ட்தான். பல்பை வெறும் கையால் தொட்டால் விரல் எண்ணெய் பட்ட இடத்தில் சூடு தேங்கி பல்ப் வெடிக்கும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

ஹாலஜனின் இன்னொரு பலவீனம் வோல்ட்டேஜ். 230-இல் 3200 கெல்வின் தரும் பல்ப், 207-க்கு இறங்கினால் 130, 140 கெல்வின் குறைந்துவிடும். மஞ்சள் பக்கத்தில் இது கண்ணில் படுகிற வித்தியாசம். பத்து லட்சத்தைக் கெல்வினால் வகுத்தால் வருவது மைரெட், நிற வித்தியாசத்தை அளக்கும் சரியான அலகு அதுதான். 3200-இல் 100 கெல்வின் ஏறினால் ஒன்பதரை மைரெட் மாறும், 5600-இல் அதே 100-க்கு மூன்றுதான். சாயங்காலம் வோல்ட்டேஜ் இறங்கும் தெருவில் மதியம் வைத்த பேலன்ஸை நம்ப வேண்டாம். டிம்மரால் குறைப்பதும் இதே கதைதான். அளவைக் குறைக்க வேண்டுமானால் லைட்டைத் தள்ளிவையுங்கள், அல்லது அதன் முன்னால் நெட் (வலை) போடுங்கள். வெயிலோடு சேர்க்க நீல ஜெல் (லைட்டுக்கு முன் ஒட்டும் கலர் பிளாஸ்டிக் தாள்) ஒட்டினால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் வெளியே வரும். பகலுக்கு ஹாலஜன் வேண்டாம் என்பதற்கு அந்த ஒரு காரணமே போதும்.

ஸ்டில் எடுப்பவர்களுக்கு ஸ்டுடியோ ஃபிளாஷைவிட நல்லது எதுவும் இல்லை. செனான் குழாயின் ஒளி வெயிலுக்கு நெருக்கம், 5500 முதல் 6000 கெல்வின். பவரைக் குறைக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். வோல்ட்டேஜைக் குறைத்து வேலை செய்யும் பழைய மாதிரிகள் குறைந்த பவரில் மஞ்சளாகும். ஒளியை நடுவில் வெட்டும் ஐஜிபிடி மாதிரிகள் நீலமாகும். இரண்டு வகையையும் கலந்து ஒரே புடவைக்கு இடமும் வலமும் வைத்தால் முந்தானை ஒரு நிறம், உடல் ஒரு நிறம்.

பெரிய யூனிட்டில் பகல் வெளிச்சத்துக்கு ஹெச்எம்ஐ, வாயுவுக்குள் மின்பொறி எரியும் பெரிய விளக்கு. ஏற்றி ஓரிரண்டு நிமிடம் சூடாகும் வரை நிறம் நிலைக்காது. பல்ப் ஓடிய மணிநேரம் ஏற ஏறக் கெல்வின் இறங்கும். வாடகைக்கு எடுக்கும்போது ஒரே ஃபிரேமுக்கு வரும் ஹெட்டுகளை லைட்மேனிடம் சொல்லி ஒன்றாக ஏற்றச் சொல்லி, வெள்ளைத் தெர்மோகோல் மேல் பக்கத்தில் பக்கத்தில் அடித்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அங்கேயே பல்பை மாற்றித் தருவார்கள். லொக்கேஷனுக்குப் போன பிறகு கால் ஜெல் வெட்டி ஒட்டி மல்லாட வேண்டியதுதான்.

சிவப்பு, பச்சை, நீலம் மட்டும் உள்ள ஆர்ஜிபி லைட்டால் வெள்ளை செய்து முகத்துக்கு அடிக்காதீர்கள். மூன்று குறுகிய கோடுகளுக்கு நடுவில் எல்லாமே பள்ளம். மஞ்சளில் அதிகம் பிரதிபலிக்கும் மஞ்சள் கயிறும் தங்க நகையும் அதில் தாறுமாறாக விழும். தனியாக வெள்ளை எல்இடியும் சேர்ந்த ஆர்ஜிபி-டபிள்யூ வகை என்றால், வெள்ளை மோடில் ஓட்டலாம். பின்னணிக்கு எது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஷூ டப்பா, ஒரு பழைய சிடி

ஒளியைப் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரை வாங்கியே ஆக வேண்டியதில்லை. செகோனிக் சி-800 மாதிரி மீட்டர் ஒன்று கிடைத்தால் சிஆர்ஐ, டிஎல்சிஐ, டிஎம்-30, எஸ்எஸ்ஐ எல்லாம் அதிலேயே வரும். கிடைக்காதவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கோ வடபழனிப் பக்கம் வாடகைக் கடைக்கோ போகும்போது கையோடு எடுத்துப்போக ஒரு டப்பா போதும்.

ஷூ டப்பாவின் ஒரு குறுகிய பக்கத்தில், தரைக்கு இணையாக ஒரு கீறல் வெட்டுங்கள். அதன் மேல் இரண்டு பிளேடுகளை எதிரெதிராக ஒட்டி, இடைவெளியை அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக வையுங்கள். எதிர்முனையில், மூடியில் ஒரு வெட்டு போட்டு, சிடியைத் தரையோடு 60 டிகிரி சாய்வில், பளபளப் பக்கம் கீறலைப் பார்க்க, ஓரம் உள்ளே இறங்கும்படி செருகுங்கள். சிடியின் அந்த அடி ஓரத்தில் பள்ளக்கோடுகள் கீறலுக்கு இணையாக ஓடும், அதுதான் தேவை. அதற்கு நேர் மேலே மூடியில் ஒரு ரூபாய் அளவு ஓட்டை. உள்ளே கறுப்புத் தாள், மூலைகளில் டேப். கீறலை லைட்டுக்குக் காட்டி ஓட்டையில் போன் கேமராவை வையுங்கள்.

வானத்துக்குக் காட்டினால் (சூரியனுக்கு வேண்டாம்) ஊதாவிலிருந்து சிவப்பு வரை இடைவெளி இல்லாத பட்டை. பழைய டியூப் லைட்டுக்குக் காட்டினால் தனித்தனிக் கோடுகள், அதில் 546 நானோமீட்டர் பாதரசப் பச்சை பளிச்சென்று. டியூப் லைட் படங்கள் பச்சையடிப்பதற்குப் பெரிய காரணம் அந்தக் கோடு. எல்இடிக்குக் காட்டினால் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் ஒரு இருட்டு. அது எவ்வளவு ஆழம், சிவப்பு எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதை ஹாலஜன் பட்டையோடு ஒப்பிடுங்கள். எக்ஸ்போஷரை லாக் செய்துவிட்டுப் படம் எடுத்தால்தான் ஒப்பீடு செல்லும். எண் தராது, ஆனால் டப்பாவில் 95 என்று போட்டுப் பட்டையில் சிவப்பே இல்லாத லைட்டைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து பொருள் சோதனை. ஒரு தட்டில் குங்குமம், மஞ்சள் பொடி, வாழை இலைத் துண்டு, மயில் கழுத்து நூல், உங்கள் கை. காலை பத்து மணிக்கு மொட்டைமாடி நிழலில் ஒரு ரா படம் (கேமரா திருத்தாத மூலப்படம்), லைட்டின் கீழ் ஒரு ரா படம். இரண்டிலும் சாம்பல் அட்டையை வைத்தே பேலன்ஸ். அட்டை இரண்டிலும் ஒன்றாக வந்த பிறகும் குங்குமம் வேறாக நின்றால் குறை லைட்டில்தான்.

பேலன்ஸுக்கு ஏ4 தாளையோ வேட்டியையோ பிடிக்காதீர்கள். இரண்டிலும் ஒளியூட்டும் ரசாயனம் இருக்கும். அது புற ஊதாவை வாங்கி நீலமாகத் திருப்பும். வெயிலிலும் ஃபிளாஷிலும் வேட்டி நீலம் போட்ட மாதிரி வெளுப்பாகவும், புற ஊதா இல்லாத எல்இடியில் மங்கலாகவும் விழுவது அதனால்தான். சாம்பல் அட்டை இல்லாத அவசரத்துக்கு ஹார்ட்வேர் கடையில் பிளம்பர்கள் வாங்கும் வெள்ளை டெஃப்லான் டேப்பை ஒரு அட்டையில் இருபது சுற்று அடுக்கிக்கொள்ளுங்கள். அதைவிட நடுநிலையான வெள்ளை அந்த விலைக்குக் கிடைக்காது.

மண்டபத்தில், வீட்டில்

நல்ல லைட் வைத்தும் நிறம் கெடுவது பெரும்பாலும் கலப்படத்தால். ஜன்னலில் வெயில், மேலே 6500 டியூப், பக்கத்தில் உங்கள் 3200 என்றால் எந்த பேலன்ஸும் மூன்றுக்கும் பொருந்தாது. டியூபை அணையுங்கள். அணைக்க முடியாது என்றால் உங்கள் லைட்டின் நிறத்தை அதன் நிறத்துப் பக்கம் கொண்டுபோங்கள். பச்சைச் சாய்வுக்கு மைனஸ் கிரீன் ஜெல் முழு, அரை, கால், அரைக்கால் என்று நான்கு அளவில் கிடைக்கும், காலில் ஆரம்பியுங்கள். சுவரும் ஒரு லைட்தான்: பிஸ்தா பச்சை பெயின்ட் அடித்த ஹாலில் சுவரில் பவுன்ஸ் அடித்தால் கன்னத்தில் பிஸ்தா வரும். வெள்ளைத் தெர்மோகோலை நடுவில் நிறுத்துங்கள்.

கல்யாண மண்டபத்தில் டெக்கரேஷன்காரர் மேடையை ஊதாவில் குளிப்பாட்டியிருப்பார். முந்தின நாளே பேசி, முகூர்த்த நேரத்துக்கு மட்டும் முன்பக்கக் கலர் பார் லைட்டுகளை அணைக்கவோ வெள்ளைக்கு மாற்றவோ கேளுங்கள். "அண்ணே, தாலி கட்டும்போது பத்து நிமிஷம் மட்டும்" என்றால் யாரும் மறுப்பதில்லை. அணையாவிட்டால் எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் இறக்குங்கள். கேமராவின் நீலப் பதிவு உச்சத்தில் முட்டி வெளிறிவிட்டால் அந்த முகத்தில் மீட்க எதுவும் மிஞ்சாது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் முழு ஏற்ற இறக்கம் அடங்கிவிடும். ஷட்டரை டிகிரியில் காட்டும் கேமராவில், 24 ஃபிரேமில் 180 டிகிரி என்பது 1/48, அதை 172.8 டிகிரிக்கு மாற்றினால் சரியாக 1/50. போன் கேமரா செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் 50-க்கு மாற்றுங்கள், பட்டை பட்டையாக ஓடுவது நிற்கும். டியூபில் இது வெளிச்சப் பிரச்சினை மட்டுமில்லை: ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் நிறமே மாறும், வேகமான ஷட்டரில் அடுத்தடுத்த படங்கள் ஒன்று மஞ்சள் ஒன்று பச்சை என்று வரும். எல்இடியை டிம் செய்து ஓட்டினால் துடிப்பு இன்னும் கூடலாம். ஸ்லோ மோஷனுக்கு முன் அதே டிம் அளவில் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருங்கள்.

லைட் மாறும் ஒவ்வொரு முறையும் 24 கட்ட கலர் சார்ட்டை முகம் இருக்கும் இடத்தில் பிடித்து ஐந்து நொடி ஓட்டுங்கள். எடிட் ரூமில் மானிட்டர் 6500-இல் இருக்கட்டும், முதுகுப்பக்க டியூப் அணைந்திருக்கட்டும். கேட்லாக் அச்சுக்குப் போகிறது என்றால் புரூஃபை 5000 கெல்வின் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், அச்சுத் துறையின் அளவுகோல் அதுதான். அந்த விளக்கு இல்லாத அச்சகத்தில், புடவையையும் புரூஃபையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுங்கள்.